யாரும் எடுக்காத அட்டைகள்

விடியுமுன்னே அக்காவின் கண் எரியத் தொடங்கிவிட்டது. அடுக்களைத் தரையில் சுவரோடு சாய்ந்து, மடியில் சூடேறிய கணினியோடு உட்கார்ந்திருந்தாள். உள்ளே பிள்ளை தூங்குகிறது. விசை தட்டும் சத்தம் கேட்கக் கூடாது. கடல் தாண்டி இருக்கும் மேலாளருக்கு இது சாயங்காலம். கொடுமையைப் பாருங்கள், இதற்குப் பெயர் வசதியாக வீட்டிலிருந்தே வேலை!

அவளையும் சேர்த்து நாலு பேர் குழு; அதற்கு அவள் தலைவி, எல்லோருக்கும் அக்கா. அதில் மென்பொருளில் பிழை பிடிப்பவரை எல்லோரும் 'பூதக்கண்ணாடி' என்பார்கள். ஆளுக்கொரு ஊர், நேரில் பார்த்ததில்லை. திரையில் ஒரு பலகை, அதில் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை. எடுப்பவர் பெயர் அட்டையில் ஏறும்.

போன வாரம் பூதக்கண்ணாடியின் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். லீவு கேட்டால் மேலாளர் மூஞ்சியைத் தூக்குவார் என்று, பூதக்கண்ணாடியின் அட்டைகளை மற்ற மூவரும் பங்குபோட்டுத் தூக்கம் தொலைத்து முடித்தார்கள். யோசனை அக்காவுடையது. பலகையில் தங்கள் பெயர்தான் நிற்கும் என்பதை அந்த அவசரத்தில் யாரும் நினைக்கவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

நேற்று மேலாளர் அவளைத் தனியாக அழைத்தார்.

"அவர் இல்லாமலே வேலை முடிஞ்சிருக்கே. அப்புறம் அவர் எதுக்கும்மா?"

உண்மையைச் சொன்னாள். மறைத்தது இன்னும் பெரிய தப்பு என்றார். பூதக்கண்ணாடியை வேலையிலிருந்து நிறுத்தப்போவதாகவும், அவர் அட்டைகளை இனி மூவருமே எடுங்கள் என்றும் முடித்துவிட்டார். நல்லது செய்யப்போய் ஒருவர் சோற்றில் மண்ணைப் போட்டோமே என்று குழுவில் எல்லோரிடமும் சொல்லி அழுதாள். "விடுங்கக்கா, நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றார் பூதக்கண்ணாடி. அதுதான் அதிகம் சுட்டது.

இப்போது மேலாளர் அழைப்பில் வந்து முதல் அட்டையைத் திறந்தார்.

"பிழை சோதனை. யார் எடுக்கறீங்க?"

எல்லோருடைய கேமராவும் மூடியிருந்தது; பூதக்கண்ணாடியும் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா மைக்கைத் திறந்தாள்.

"அது அவரு வேலை சார்," என்றாள்.

"அவர் இருக்கமாட்டார்."

"அப்ப அது அப்படியே கிடக்கட்டும் சார்." இதைச் சொன்னவன் குழுவிலேயே வாயில்லாப் பூச்சி. குழுவின் இன்னொரு பெண்ணும் இருமிவிட்டு, தானும் தொடமாட்டேன் என்றாள்.

"உங்க மூணு பேரையும் மாத்த எனக்கு ஒரு வாரம் போதும்."

அது பொய்யில்லை, எல்லோருக்கும் தெரியும். இருந்தும் அக்கா அட்டையைத் தொடவில்லை. மேலிடத்தில் பேசிவிட்டுப் பதில் சொல்வதாகக் கூறி மேலாளர் வெளியேறினார்.

மற்றவர்களுக்குப் போக மனம் வரவில்லை. பூதக்கண்ணாடி முதன்முறையாகக் கேமராவைத் திறந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் தாடி வளர்ந்த முகம். ஒவ்வொருவராக மற்றவர்களும் திறந்தார்கள்.

"நாளைக்கும் இதையேதான் கேப்பாரு," என்றாள் அக்கா.

"கேக்கட்டும்க்கா. நாங்களும் இதே பதிலோட வருவோம்ல," என்றான் வாயில்லாப் பூச்சி.