வயிறு வைத்த வட்டம்

பன்னிரண்டு மணிக்கு மெக்கானிக் மேல்மாடியிலிருந்து பழைய லிஃப்ட்டின் கதவைத் திறப்பார். லிஃப்ட் குழிக்குள் இத்தனை வருடம் அடைந்து கிடந்த பிசாசு நாங்கள் இருக்கும் ஆபீஸ் தளத்துக்கு ஏறி வரும். ஜன்னல் வெயில் பட்டு அது கரைய ஏழு நிமிடம் ஆகும். தெருவுக்குத் தப்பிவிடக் கூடாதென்று வாசலைப் பூட்டிவிட்டார்கள். அந்த ஏழு நிமிடமும் உள்ளே இருப்பவர்களைக் காப்பது ஒரு சாக்பீஸ் வட்டம்.

வரைபவர் காம்பஸ். வெறுங்கையால் போட்டாலே அச்சு வட்டம் வரும், அதனால் அந்தப் பெயர். நான் அவருடைய உதவியாளர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். காப்பு வட்டத்தில் பட்டம்.

விதி எளிது. ஒரே கோடு. நடுவில் சாக்பீஸ் தரையைவிட்டு எழும்பினால் வட்டம் செத்தது. மூடும்போது உள்ளே இருப்பவர்களுக்கு மட்டுமே காப்பு. மூடிய பிறகு கோட்டின் மேல் யார் காலும் படக் கூடாது.

காம்பஸ் வட்டத்தை மூடாமல் ஒரு முழம் இடைவெளி விட்டு, கோட்டின் முனையில் சாக்பீஸை ஊன்றியபடி குந்தியிருந்தார். அந்த வழியாக ஆபீஸ்காரர்கள் பத்துப் பேர் உள்ளே போனார்கள். அவர்களில் ஒருவரான மேனேஜர் தன் நாற்காலியையும் இழுத்துக்கொண்டு போனார். எங்கள் இருவரையும் சேர்த்தால் தீப்பெட்டி மாதிரி அடைசல்.

"க்ளீனிங் ஆளுங்க மூணு பேரு?" என்று காம்பஸிடம் கேட்டேன்.

"அவங்க கான்ட்ராக்ட். அவங்க கம்பெனிதான் வட்டத்துக்கு ஆள் அனுப்பணும். பாத்ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு இருக்கட்டும்."

"கதவு தாங்கும்னு எந்தப் புக்ல இருக்கு?"

"லிஸ்ட்ல இல்லம்மா. நான் என்ன பண்ண?"

அந்த மூவரில் ஒருத்தி என் அம்மா. அவள் தேய்த்த தரைகளின் மேல்தான் என் பட்டம் நிற்கிறது. அதை அவரிடம் சொல்லவில்லை. யார் அம்மாவாக இருந்தால்தான் என்ன?

பதினொன்று ஐம்பத்திரண்டு. வேறு சாக்பீஸ் கிடையாது. உப்பும் சாம்பலும் இடித்துச் செய்தது, வேலைக்கு ஒன்றுதான். மீதி இருந்தது பாதிக்கும் குறைவு. ஆனால் வட்டம் உருண்டையாக இருக்க வேண்டுமென்று எந்தப் பாடத்திலும் இல்லை. தொடங்கிய இடத்தில் கோடு முடிய வேண்டும், அவ்வளவுதான். அழகாகப் போட்டு மதிப்பெண் வாங்கியவர்கள் அதை மறந்துவிட்டார்கள்.

பக்கத்தில் குந்தி, அவர் விரலுக்குக் கீழே சாக்பீஸைப் பிடித்தேன்.

"விடுங்க சார்."

"லூசா நீ? எழும்பிச்சுன்னா எல்லாரும் காலி!"

"அதனாலதான் சொல்றேன். இழுக்காம விடுங்க."

பயத்தில் விட்டார்.

"அம்மா! மூணு பேரும் ஓடியாங்க!"

கோட்டை வெளியே வளைத்தேன். சாக்பீஸ் வழுக்கியது. தரையில் வெள்ளையே இல்லை.

வந்த அம்மா ஒரே பார்வையில் புரிந்துகொண்டாள். "இப்பதான்டி அங்க சோப்பு போட்டேன், ஒண்ணும் ஒட்டாது. அசையாம இரு."

மூவரும் மண்டியிட்டுக் காய்ந்த துணியால் துடைத்துக்கொண்டே எனக்கு முன்னால் நகர்ந்தார்கள். வழுக்கிய இடத்துக்குச் சாக்பீஸை எழுப்பாமலே திருப்பி, அழுத்தித் தேய்த்தேன். பிறகு அவர்கள் துடைக்கத் துடைக்க இழுத்தேன்.

"சீக்கிரம், சீக்கிரம்!" என்றார் மேனேஜர்.

"நாற்காலில உக்காந்துக்கிட்டு விரட்டாதீங்க சார்" என்றாள் ஓர் அக்கா. இன்னொருத்தி கோட்டைத் திரும்பிப் பார்த்தாள். "என்னடி இது, வட்டம் மாசமா இருக்கு!"

மூவரும் அந்த வயிற்றுக்குள் ஒடுங்கிக்கொண்டார்கள். தொடக்கத்தைத் தொட இன்னும் நாலு விரற்கடை. சாக்பீஸ் நகத்தளவு. அதைத் தரையிலேயே நசுக்கி, பொடியைக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போனேன். முனை முனையைத் தொட்டது.

லிஃப்ட் கதவு கிறீச்சிட்டது.

நனைந்த சாக்கு மாதிரி அது வந்தது. கோட்டை மோந்தபடி ஒரு சுற்றுச் சுற்றியது. வயிற்றுப் பக்கம் நின்று, பொடி வைத்த இடத்தில் முட்டியது. பொடி நடுங்கியது, விலகவில்லை. நானும் விலகவில்லை. வெயில் பிசாசைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று முடித்தது.

"இது வட்டமே இல்ல" என்றார் காம்பஸ். "ரிப்போர்ட்ல எழுதுவேன்."

"எழுதுங்க. உள்ள பதினஞ்சு பேரு இருந்தாங்கன்னும் எழுதுங்க."

அம்மா கோட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "இதையும் நாங்கதான துடைக்கணும்?"

அவள் கையிலிருந்த துணியை வாங்கிக் காம்பஸிடம் நீட்டினேன். அவர் வாங்கும்வரை கையை மடக்கவில்லை.