ஒரு வாரத்து மகள்

கார் சாவியை அப்பா விருந்தாளிப் பெண்ணின் உள்ளங்கையில் வைத்தார். காலைச் சாப்பாடு முடிந்த மேசையில், வீட்டில் எல்லாரும் பார்க்கத்தான் வைத்தார். எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போன பாப்பாவின் கால் அப்படியே நின்றுவிட்டது.

“இன்னைக்கு நீயே ஸ்டார்ட் பண்ணும்மா. நேத்து சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கா?”

“நினைவில் இருக்கிறது, ஐயா. முதலில் கண்ணாடி, பிறகு பெல்ட், அதன் பிறகு கிளட்ச்.” நம் மொழியை வகுப்பறையில் கற்ற வெளிநாட்டுப் பெண் அவள். பாடப்புத்தகம் வாய் திறந்தால் எப்படியோ அப்படிப் பேசுவாள்.

அப்பா அம்மா பக்கம் திரும்பினார். “பாத்தியா, ஒரே தடவைதான் சொன்னேன். கற்பூரம் மாதிரி பிடிச்சுக்கிட்டா.”

பாப்பா தட்டுகளைத் தொட்டியில் போட்டாள். வைத்தாள் என்று சொல்ல முடியாது.

“என்னடி உடைஞ்சது?” என்று அம்மா குரல் கொடுத்தாள்.

“இன்னும் ஒண்ணும் உடையலை.”

பாப்பாவுக்கு வயது இருபது. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இன்னமும் அவள் பாப்பாதான். வளர விட்டால்தானே வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்? அப்பா கார் ஓட்டும் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். பழகுகிறவர்களைப் பார்த்து நாளெல்லாம் அவர் போடும் சத்தத்தினால் தெருவில் அவருக்கு ‘கிளட்ச்’ என்று பெயர். பள்ளியின் பெயர்ப் பலகையில் ‘பெண்களுக்குத் தனிக் கவனம்’ என்று எழுதியிருக்கிறது. அதில் பொய் இல்லை. டாக்டர் வீட்டு மருமகள், மருந்துக்கடைக்காரரின் மகள், பள்ளிக்கூட டீச்சர்கள் என்று பாதித் தெருப் பெண்கள் அவரிடம்தான் கற்றார்கள். பெண் என்றால் தைரியம் வேண்டும் என்று அவர்களுக்கெல்லாம் இலவசமாக ஒரு பிரசங்கமும் உண்டு.

தன் மகளுக்கு அவர் கொடுத்த பாடம் ஒன்றே ஒன்று. பதின்மூன்று வயதில், நின்றிருந்த காருக்குள் ஏறி அவள் கியரைத் தொட்டுப் பார்த்தாள். கன்னத்தில் பளாரென்று விழுந்தது. பிறகு எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான். “உனக்கு எதுக்கும்மா? நாளைக்கு வர்றவன் ஓட்டுவான். நீ பக்கத்துல ராணி மாதிரி உக்காந்துட்டுப் போ.”

ராணியின் லட்சணம் அம்மாவைப் பார்த்தால் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து பக்கத்து இருக்கை அவளுடையது. மடியில் காய்கறிப் பையை வைத்துக்கொண்டு, அவர் நிறுத்துகிற இடத்தில் இறங்கி, அவர் வருகிறவரைக்கும் வெயிலில் நிற்பாள்.

இந்த விருந்தாளியை வீட்டுக்குக் கொண்டுவந்ததே பாப்பாதான். பல்கலைக்கழகத்தில் பண்பாட்டுப் பரிமாற்ற வாரம் நடந்தது. பகலில் வெளிநாட்டு மாணவர்களோடு பாட்டு, விளையாட்டு, கலந்துரையாடல். மற்ற நேரத்தில் அவர்கள் இங்கே உள்ள மாணவர்களின் வீடுகளில் தங்க வேண்டும். இடம் கொடுத்த மாணவர், அடுத்த பருவம் முழுவதும் விருந்தாளியின் ஊருக்குப் போய், அவர்கள் வீட்டில் தங்கிப் படிக்கலாம். செலவெல்லாம் பல்கலைக்கழகத்தினுடையது. வீட்டுப் பெரியவர் சம்மதித்தால் போதும். அந்த ஒரு பருவத்துக்காகத்தான் பாப்பா தன் அறையைக் கொடுத்தாள், கட்டிலைக் கொடுத்தாள், அலமாரியில் பாதியைக் கொடுத்தாள். அப்பாவையும் கொடுக்க வேண்டியிருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

விருந்தாளி வருவதற்கு அப்பா உடனே ஒத்துக்கொண்டார். வெளிநாட்டுப் பெண்ணோடு எடுத்த படம் பயிற்சிப் பள்ளியின் சுவரில் தொங்கினால் யாருக்குக் கசக்கும்? பாப்பா போவதைப் பற்றிக் கேட்டபோதுதான் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். “முதல்ல அந்தப் பொண்ணு வந்துட்டுப் போகட்டும்.”

ஊர் எல்லையில் இருந்த மைதானத்தில் பாடம் நடந்தது. பாப்பா பின் இருக்கையில், விருந்தாளியின் பையையும் தண்ணீர்ப் புட்டியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே பின்பார்வைக் கண்ணாடியில் அப்பாவின் கண்கள் தெரிந்தன. அந்தக் கண்கள் சிரித்துக்கொண்டிருந்தன. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தெருவே நடுங்கும் அந்தத் தொண்டையிலிருந்து, “மெதுவா, மெதுவாம்மா… அவ்ளோதான், என் கண்ணு,” என்று வந்தது. ‘என் கண்ணு’ என்று அவர் தன்னைக் கடைசியாக எப்போது சொன்னார் என்று பாப்பா யோசித்துப் பார்த்தாள். நினைவு வரவில்லை. வண்டி அணைந்து நின்று இவள் மானம் போகட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டாள்.

வேண்டுதல் பலித்தது, வேறு விதமாக. வண்டி திடீரென்று பாய்ந்து விளக்குக் கம்பத்தை உரசியது. இடது பக்கக் கண்ணாடி உடைந்து தொங்கியது. விருந்தாளிப் பெண் முகத்தை மூடிக்கொண்டாள். பாப்பா அப்பாவின் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். வெட்கமில்லாமல் ஆசையோடு காத்திருந்தாள்.

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். “கண்ணாடி போனா மாத்திக்கலாம். தைரியம் போனா மாத்த முடியுமா? எடும்மா வண்டியை.”

வீட்டுக்கு வந்ததும் பாப்பா குளியலறைக்குள் புகுந்து வெந்நீரையெல்லாம் தானே ஊற்றித் தீர்த்தாள். விருந்தாளிப் பெண் பச்சைத்தண்ணீரில் குளித்துவிட்டு வந்து, “மிகவும் புத்துணர்ச்சியாக இருக்கிறது,” என்றாள். இவளிடம் பொறாமைப்படக்கூட ஒழுங்காக முடியவில்லையே என்று பாப்பாவுக்கு அழுகை வந்தது.

சமையலறையில் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். “அவளுக்கு மட்டும் ஏன்மா?”

“அவ நாலு நாள்ல போயிடுவா. அவ எப்படி ஓட்டினா உங்கப்பாவுக்கு என்ன? நீ இங்கயே இருக்கிறவ.”

“இருந்தா கத்துக் குடுக்கக் கூடாதா?”

“கத்துக்கிட்டா நீ எங்க போறே, யாரோட போறேன்னு அப்புறம் அவர் கேட்டுட்டே இருக்கணுமில்ல?” அம்மா வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே சொன்னாள். இவ்வளவு தெளிவாக அம்மா பேசி பாப்பா கேட்டதில்லை.

வாரக் கடைசியில் பல்கலைக்கழக மண்டபத்தில் நிறைவு விழா. விருந்தளித்த குடும்பங்களை மேடையில் உட்கார வைத்தார்கள். பின்னால் பெரிய திரை. விருந்தாளி மாணவர்களின் பெற்றோர், ஒருவர் பின் ஒருவராக, தங்கள் ஊரிலிருந்தே அதில் நேரலையில் தோன்றிப் பேசினார்கள். ஒவ்வொரு விருந்தாளியும் தன் பெற்றோர் பேசுவதைச் சபைக்கு மொழிபெயர்க்க வேண்டும்.

அப்பாவிடம் ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள். வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்தது. “பொண்ணுங்களைப் பொத்திப் பொத்தி வளர்க்கக் கூடாதுங்க. ஸ்டியரிங்கை அவங்க கையில குடுக்கணும். இந்தப் பொண்ணு இந்த ஒரு வாரமா எனக்கு மக மாதிரி. இன்னைக்கு யூனிவர்சிட்டி கேட் வரைக்கும் வண்டியை அவதான் கொண்டுவந்தா.” மண்டபம் கைதட்டியது. முன்வரிசையிலிருந்த ஒரு பேராசிரியர், “இப்படி ஒரு அப்பா கிடைக்கணுமே,” என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். பாப்பா தன் கைகளைப் புடவை மடிப்புக்குள் இறுக்கி வைத்துக்கொண்டாள், தட்ட மனமில்லாமல்.

அடுத்துத் திரையில் விருந்தாளிப் பெண்ணின் அப்பா வந்தார். ஆற்றின் இரு கரைகளுக்கும் படகு விடுகிறவர் என்று அறிமுகம் செய்தார்கள். அகலமான தோளும் சிவந்த முகமுமாக இருந்தார். ஏதோ உரக்கச் சொல்லிவிட்டு இரண்டு கைகளாலும் சக்கரத்தைத் திருப்புகிற மாதிரி காட்டினார். கூட்டம் சிரித்தது. மகள் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

“சொல்லும்மா,” என்றார் பொறுப்புப் பேராசிரியை.

“என் தந்தை…” அவள் மறுபடி தொடங்கினாள். “என் தந்தை சொல்கிறார். உங்கள் மகளை எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள். என் படகை நான் அவள் கையில் கொடுப்பேன். பெண்களுக்குத் தைரியம் வேண்டும்.”

மறுபடியும் கைதட்டல். விருந்தாளிப் பெண் காதுவரைக்கும் சிவந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, திரையைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். அந்தச் சிவப்பைப் பாப்பா அடையாளம் கண்டுகொண்டாள். வாரம் முழுவதும் தன் கன்னத்தில் எரிந்தது அதேதான்.

“உனக்குக் குடுத்ததில்லையா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“எனக்குக் கரையில் சீட்டுக் கிழிக்கும் வேலை. படகு என் தம்பிக்கு. சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் தங்கிய பெண்ணுக்கு மூன்றே நாளில் கற்றுக் கொடுத்தார்.” அவள் பாப்பாவை நேராகப் பார்த்தாள். “நான் அவளுடைய செருப்பை ஆற்றில் எறிந்தேன்.”

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. இந்த வாரத்தில் முதல் சிரிப்பு.

மேடையில் எல்லாரும் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையிலிருந்தவரும் காத்திருந்தார். அப்பா சிரித்தபடியே ஒலிவாங்கியைக் கையில் உருட்டினார். “ரொம்ப சந்தோஷம். அதை நாங்க வீட்ல கலந்து பேசி…”

பாப்பா எழுந்து போய் அந்த ஒலிவாங்கியை அவர் கையிலிருந்து எடுத்தாள். பிடுங்கவில்லை. பெரியவர் கையிலிருந்து ஒரு பொருளை எடுப்பதுபோலத்தான் எடுத்தாள். “நான் வர்றேன்னு உங்கப்பாகிட்ட சொல்லு.”

விருந்தாளிப் பெண் உடனே சொல்லவில்லை. தனக்குக் கிடைக்காத படகை இன்னொருத்திக்குத் தன் வாயால் தூக்கிக் கொடுப்பது சுலபமா என்ன? பிறகு திரையைப் பார்த்துத் தன் மொழியில் தெளிவாகச் சொன்னாள். திரையிலிருந்தவர் அணைப்பதுபோல இரு கைகளையும் விரித்தார். பாப்பாவின் அப்பாவும் வேறு வழியில்லாமல் அதேபோல விரித்தார். கடல் கடந்து இரண்டு அப்பாக்களும் ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டார்கள். பேராசிரியை உடனே, “தந்தையின் சம்மதத்தோடு,” என்று சபைக்கு அறிவித்துவிட்டார்.

அப்பாவும் அம்மாவும் பாப்பாவும் வண்டி நிறுத்தும் இடத்துக்கு வந்தார்கள். விருந்தாளிப் பெண் தன் தோழிகளிடம் விடைபெறப் போயிருந்தாள். அக்கம்பக்கத்தில் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு அப்பா பாப்பாவின் பக்கம் திரும்பினார்.

“அத்தனை பேர் முன்னாடி என் கையில இருந்து மைக்கை வாங்குறே. அங்க போய் படகு ஓட்டப் போறியா? யார் வீட்டுப் பொண்ணு நீ? ஞாபகம் இருக்கா?”

“இருக்குப்பா. உங்க வீட்டுப் பொண்ணா இருந்தா எனக்கு எதுவும் கிடைக்காது. அங்க நான் ஊரார் வீட்டுப் பொண்ணு. அதனால குடுப்பாங்க.”

அப்பா ஓட்டுநர் பக்கக் கதவைப் படாரென்று திறந்து உள்ளே உட்கார்ந்தார். முன்கதவைத் திறந்து ஏறப்போன அம்மா, ஏறாமல் நின்றாள்.

“எனக்கும் ஏதாவது ஊர் இருக்குமா பாருடி,” என்றாள்.