இரவல் புட்டி

பட்டறையில் கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவருக்குச் சிறுநீரில் நுரை போக ஆரம்பித்து ரொம்ப நாளாகிறது. அடுத்தவன் வண்டியை முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பாக்கிக் கொடுக்கிற மனுஷன், தன் கணுக்கால் வீங்கியதை மட்டும் பேண்டை இறக்கிவிட்டு மறைத்துக்கொண்டு திரிந்தார். மறைக்காமல் என்ன செய்வார்? கூட வேலை பார்த்த, தகரத்தில் ஒடுக்கு எடுக்கிற டிங்கருக்குக் கிட்னி கெட்டுவிட்டது என்று தெரிந்த அன்றே முதலாளி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நல்ல மனசுக்காரர், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித்தான் அனுப்பினாராம்.

அத்தோடு விட்டாரா? மறுநாள் எல்லோரும் கிளினிக் சோதனைக்கு வீட்டிலிருந்தே புட்டியில் சிறுநீர் பிடித்து வரவேண்டும் என்று உத்தரவு போட்டார். பெயிண்டர் அன்று சீக்கிரமே பட்டறையிலிருந்து கிளம்பினார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி குளியலறையில் அவர் உடுப்பைத் துவைத்துக்கொண்டிருந்தாள். பெயிண்ட் கறை சோப்புக்கெல்லாம் மசியாது. கல்யாணமான புதிதிலிருந்தே பெயிண்டைக் கரைக்கிற பட்டறைத் தின்னரை ஊற்றி வெறுங்கையால் கசக்குவதுதான் வழக்கம். டப்பாவில் கொண்டுவந்து கொடுப்பவர் இவர்தான். நெடி பிள்ளைகளுக்கு ஆகாதென்று கதவையும் ஜன்னலையும் இறுகச் சாத்திக்கொள்வாள்.

வெளியே வந்தவளிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "காலையில உன்னோடத ஒரு புட்டியில பிடிச்சுக் குடேன்."

"அட பாவி மனுஷா! கடையில கிடைக்காத பொருளாப் பார்த்துக் கேக்குறீங்களே."

"விளையாடாத. வேலை போயிடும்."

"குடுக்குறேன், குடுக்குறேன். மாசமா இருக்கீங்கன்னு வந்துடப் போகுது!" என்று சிரித்தாள். உப்பிய கன்னத்தில் கண் இடுங்கியது.

"தூங்கித் தூங்கி மூஞ்சி எப்படி ஊதியிருக்கு பாரு," என்று அவரும் பதிலுக்குச் சீண்டினார்.

காலையில் அவள் காகிதத்தில் சுற்றித் தந்ததை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தார். அதன்பிறகு அவருக்கு நிலைகொள்ளவில்லை. போன் அடித்தால் பதறினார், அடிக்காவிட்டாலும் பதறினார். பொம்பளையுடையது என்று கண்டுபிடித்துவிடுவார்களோ? மானம் போகுமா, வேலை போகுமா, இரண்டும் சேர்ந்தே போகுமா?

அடுத்த நாள் மதியம் கிளினிக் நர்ஸ் அவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"பயப்படாதீங்கண்ணே. சிறுநீர்ல புரதம் நிறையப் போகுது, ரத்தமும் கலந்திருக்கு. கிட்னி அடிவாங்கியிருக்கும் போல. உடனே வைத்தியம் பார்த்தா காப்பாத்திடலாம். உங்க முதலாளிகிட்ட இன்னும் சொல்லல."

புட்டி மாறிவிட்டதோ என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. மாறாமல் பத்திரமாகக் கொண்டுவந்தவரே அவர்தானே. அப்புறம் அந்த ஊதிய முகம் கண்முன் வந்து நின்றது. தூங்குமூஞ்சி என்று அவளைக் கேலி செய்த வாயிலேயே அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

பேசாமல் எழுந்து போனால் வைத்தியம் இவர் பேருக்குத்தான் நடக்கும், அவள் சாவாள். சொன்னால் ஏமாற்றியது தெரிந்து வேலை இன்றோடு சரி.

"அது என்னோடது இல்ல சிஸ்டர்," என்றார். "என் சம்சாரத்தோடது. என்னோடது இதைவிட மோசமா இருக்கும்."

நர்ஸ் ரிப்போர்ட்டை மூடி வைத்தார். "அவங்களும் பெயிண்ட் அடிக்கிறாங்களா?"

"இல்ல. வீட்டுலதான் இருக்கா. என் சட்டையத் தின்னர்ல துவைக்கிறா."

சொல்லும்போதே போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். கதவைச் சாத்திக்கொண்டு துவைக்கிறவளுக்கு எங்கே கேட்கும்?