காணிக்கைப் பையில் ஒரு சாவி

சாவிக்குக் காவல் போடுகிறவன் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தகுதியற்றவன் என்பது தாராவிக்கு லாசர் அண்ணன் வழங்கிய தத்துவம். அவருடைய சாவி சட்டைப்பையில் சில்லறையோடு கிடக்கும். தோல் பட்டறை ஜெயினுலாப்தீனோ தன் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தார்.

“என்னவே, வண்டிக்குத் தாயத்தா?” என்று லாசர் தினமும் விசாரிப்பார்.

“வண்டிக்கு இல்ல வே, எனக்கு,” என்பார் அவர்.

அன்னமேரியை லாசருக்குக் கொடுக்கலாமா என்று அவள் அப்பா சூசைமாணிக்கம் யோசித்துக்கொண்டிருந்த காலம். ஞாயிறு பூசை முடிந்ததும் அவரை வண்டியில் செம்பூரில் கொண்டுவிடுவதாக லாசர் சொல்லியிருந்தார். காணிக்கைப் பை வந்தபோது, வருங்கால மாமனார் பார்க்கட்டும் என்று சட்டைப்பையில் இருந்ததை அப்படியே அள்ளிப் போட்டார்.

பூசை முடிவில் சாமியார் சாவியைத் தூக்கிக் காட்டினார். “யாரோ ஆண்டவருக்கு மோட்டார் சைக்கிளே குடுத்திருக்காங்க. பெட்ரோலையும் அவங்களே போட்டாத் தேவல.”

லாசர் எழுந்துபோய் வாங்கிக்கொண்டார்.

“எம் மவளயும் இப்படி எங்கயாச்சும் போட்டுட்டு வந்துருவியளோ தம்பி?” என்று கேட்டுவிட்டு, சூசைமாணிக்கம் ரயிலுக்கு நடந்தார்.

அடுத்த ஞாயிறு லாசர் சட்டையைக் கழுத்துப் பித்தான் வரை பூட்டி வந்தார். வண்டியருகில் திரும்பி நின்று ஒரு பித்தானைக் கழற்றினார். கழுத்தில் கிடந்த மாதா உத்தரியத்தோடு ஒரே கயிற்றில் சாவியும் வெளியே வந்தது.

சூசைமாணிக்கம் பின்னால் ஏறிக்கொண்டார்.