விரல் சப்பும் கன்றுகள்

பால் வாளிக்குள் கையை அமிழ்த்தி, இரண்டு விரல்களை மட்டும் மேலே நீட்டினாள். கன்று மோந்து பார்த்தது, தும்மியது, பிறகு விரல்களைச் சப்பத் தொடங்கியது. தாயிடமிருந்து பிரித்த கன்றை வாளிக்கு இப்படித்தான் பழக்க வேண்டும். பண்ணையில் எல்லோருக்கும் அவள் கன்றுக்காரி.

இந்த மாதம் ஏழு கன்றுகள் வயிற்றுக் கழிச்சலில் செத்துவிட்டன. கொட்டில் சுத்தமில்லை என்றார் முதலாளி. சாணத்தைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, "முடிவு வரட்டும், உன் வேலையைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றிருந்தார்.

"நீ மூணு நாளா தேச்சதுல தரையில என் மூஞ்சி தெரியுது. பயந்துட்டேன்" என்றான் பால் கறக்கும் அவள் கணவன்.

"நீங்க வேற. இடுப்பு நிமிர மாட்டேங்குது."

பத்து மணிக்கு ஆய்வுக்கூடத்து டாக்டரம்மா வந்தார்.

"அழுக்கு காரணம் இல்ல சார். இந்தக் கிருமி எல்லாக் கன்னு வயித்துலயும் சும்மா கெடக்கும். ஆனா இதுல ரெண்டு மரபணு கூடுதலா இருக்கு. ஒண்ணு குடல்ல ஒட்டிக்க, இன்னொண்ணு விஷம் சுரக்க. அதான் கொல்லுது. நீங்க சந்தையில வாங்கின கன்னோட வந்திருக்கு."

கன்றுக்காரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"அது ஒரு கன்னு. மத்த ஆறுக்கு எப்படிப் போச்சு?" என்றார் முதலாளி.

டாக்டரம்மா காகிதத்தை மடித்தார். அவர் பார்வை ஒரு கணம் கன்றுக்காரியின் கையில் நின்று விலகியது. முதலாளி அதைக் கவனித்துவிட்டார்.

"ரப்பர் காம்பு வச்ச புட்டி கேட்டேனே முதலாளி. பத்து விரல் எதுக்கு இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"கை கழுவாதேன்னும் நானா சொன்னேன்?"

முப்பது கன்றுகளுக்கு ஒரே குழாய், கொட்டிலின் மறுகோடியில்.

"இன்னையோட நின்னுக்கோ. உன் புருஷன் இருக்கட்டும். மாடுங்க அவனுக்குப் பழகிடுச்சு."

மதியம் கணவன்தான் வாளியைத் தூக்கினான். காலையில் பிறந்த கன்றின் முகத்தைப் பாலுக்குள் அழுத்தினான். அது திமிறி வாளியைக் கவிழ்த்தது. இரண்டாவது வாளியும் கவிழ்ந்தது.

"பால் வீணாகுது. அவளையே வரச் சொல்லு, இன்னைக்கு மட்டும்" என்று ஜன்னலிலிருந்து முதலாளி கத்தினார். "நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டு வரணும்."

வாசல்வரை போயிருந்தவள் பையைக் கீழே வைத்தாள். குழாயை நோக்கி நடந்தாள். இருபுறமும் கன்றுகள் கம்பிக்கு வெளியே கழுத்தை நீட்டின. இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, எதன்மேலும் படாமல், அவள் நடுவே போய்க்கொண்டிருந்தாள்.