சங்கிலி போடாத மரம்

வேவ்னி படகைக் கட்டிவிட்டு நேராக மரம் அறுக்கும் மில்லுக்குள் வந்தாள். கையில் இற்றுப்போன மரத்துண்டு ஒன்று. என் முன்னால் வைத்து விரலால் அழுத்தினாள். நனைந்த ரொட்டி மாதிரி உதிர்ந்தது. அவர்கள் வீட்டுப் படகுத்துறையின் கால் அது. முந்தின நாள் அது முறிந்து, அவள் புருஷன் லெனாக்ஸ் ஊன்றுகோலோடு எஸ்ஸெக்கிபோ ஆற்றுக்குள் விழுந்திருக்கிறான். பக்கத்து வீட்டார் தூக்கிக் கரை சேர்த்திருக்கிறார்கள்.

"ஆறு கால் வேணும், கிளேர்மண்ட். கிரீன்ஹார்ட்ல. நீதான் அறுக்கணுமாம். வேற யார் அறுத்தாலும் வேண்டாங்கிறான்."

நான் கிரீன்ஹார்ட்டைத் தொட்டு இரண்டு வருஷம் ஆகிறது என்பது எங்கள் ஊர் பார்ட்டிகாவில் எல்லோருக்கும் தெரியும். அந்த மரம் வந்தால் வேறு ஆளிடம் விட்டுவிட்டு வெளியே போய் நிற்பேன். தண்ணீரில் தலைமுறைக்கும் இற்றுப்போகாது. துறைமுகக் கால்களெல்லாம் அதுதான். ஆனால் அறுக்கும்போது மற்ற மரங்களைப் போலச் சும்மா கிடக்காது. உள்ளே அத்தனை இறுக்கம். வாள் பாதி போகும்போதே சட்டென்று பிளந்து ஒரு பாதி தெறிக்கும். அதனால் வாள் இன்னும் போகாத பக்கத்தில் சங்கிலி சுற்றி இறுக்கிவிட்டுத்தான் அறுப்போம்.

கடைசியாக நான் அதை அறுத்த அன்றைக்குச் சங்கிலி போடவில்லை. தெறித்த பாதி லெனாக்ஸின் முழங்காலை நொறுக்கியது. ஜார்ஜ்டவுனுக்குக் கொண்டுபோய்க் காலை எடுத்தார்கள். சங்கிலி போடுவது அவன் வேலை. மறந்துவிட்டேன் என்று ஆஸ்பத்திரியில் அவனே சொன்னான். எல்லோரும் நம்பினார்கள், அவன் மனைவி வேவ்னி உட்பட. உண்மையில் அவன் சங்கிலியோடுதான் வந்தான். சின்ன மரந்தானே, மழை வருகிறது, சீக்கிரம் முடிப்போம் என்று சொன்னது நான்.

சனிக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அவன் பலகை அடுக்கின்மேல் உட்கார்ந்துகொண்டான். நானே சங்கிலியை மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கினேன். வாள் இறங்கியதும் பச்சையும் மஞ்சளுமாகத் தூள் பறந்து, தொண்டையில் மிளகாய் போலக் கமறியது.

"மெதுவா விடுடா. சத்தம் மாறுது பாரு," என்றான் லெனாக்ஸ்.

வேகத்தைக் குறைத்தேன். அடுத்த கணம் மரம் துள்ளியது. சங்கிலி கணீரென்று அதிர்ந்து பிடித்து நிறுத்தியது. பிறகு ஒவ்வொன்றாக ஆறு கால்களும் வந்தன. மோட்டாரை அணைத்தேன்.

"வேவ்னி, அன்னிக்குச் சங்கிலி வேண்டாம்னது நான். அவன் மறக்கல."

"உன்னை யாருடா கேட்டா?" என்றான் லெனாக்ஸ், தாழ்ந்த குரலில்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. அவனையே பார்த்தாள். உன் மறதியால்தான் நான் சந்தையில் மீன் வெட்டுகிறேன் என்று அவள் அவனை ஏசுவது ஆற்றின் இந்தப் பக்கம் வரை பிரசித்தம்.

"தினமும் ஏசினேனே. கேட்டுட்டு உக்காந்திருந்தியே."

"நீ என்னை ஏசினா வீட்டோட போயிடும். இவனை ஏசினா இவன் நம்ம வாசல்ல கால் வைப்பானா? கால்தான் போச்சு, கூட்டாளியும் போகணுமா?"

அவள் கயிற்றை எடுத்துக்கொண்டு மில்லின் படகுத்துறைக்கு இறங்கினாள். கிரீன்ஹார்ட் மிதக்காது, படகின் இரு பக்கமும் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். நான் ஒரு முனையைப் பிடித்தேன். பிடுங்கிக்கொண்டாள். படகின் விளிம்பில் காலை ஊன்றி, ஒவ்வொரு முடிச்சாக அவளே இழுத்து இறுக்கினாள். லெனாக்ஸ் தவழ்ந்து ஏறி முன்பக்கம் உட்கார்ந்தான். நான் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன்.

என்ஜினைக் கிளப்பிய பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"செவ்வாய்க்கிழமை தண்ணி இறங்கும். கால் நட வந்துடு. சாப்பாடு எடுத்துட்டு வா, உனக்கு நான் ஆக்க மாட்டேன்."

ஆறு கால்களின் கனத்தில் படகு விளிம்பு வரை அமிழ்ந்து, நகர்கிறதா இல்லையா என்பது போல் போனது. அலை ஏறி உள்ளே விழ, லெனாக்ஸ் ஒரு தகர டப்பாவால் இறைத்துக்கொண்டே இருந்தான். நடு ஆற்றில், ஒரு கையால் சுக்கானைப் பிடித்தபடி, அவனைப் பார்க்காமலே, அவளும் ஒரு டப்பாவை எடுத்துக் குனிந்தாள்.