செருப்போடு நிற்கலாம்

மாலை நேரப் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள் என்று சுங்கை பினாங்குக்கு யாரும் வந்து சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை பஸ் வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. அந்த வாரம் முடிவதற்குள், இனி வராது போலிருக்கிறது என்று ஜனங்கள் தாங்களே முடிவு கட்டிக்கொண்டார்கள். மோட்டார் சைக்கிள் இருந்தவர்கள் அதில் போனார்கள். இல்லாதவர்கள் இருந்தவர்களின் பின்னால் தொற்றிக்கொண்டார்கள். அதற்கும் வழியில்லாதவர்கள் லாரிப் புகையில் இருமிக்கொண்டே நடந்தார்கள்.

தனலெட்சுமியின் அண்ணன் ராமசாமியிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது. அவள் பகலில் டவுனில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். வேலை முடிந்ததும் அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் மாலை வகுப்பு. விட்டுப்போன எச்.எஸ்.சி. பரீட்சையை எப்படியாவது எழுதிவிட வேண்டும் என்பது அவள் எண்ணம். வகுப்பு விட்டதும் பஸ்ஸில் வீடு வந்துகொண்டிருந்தவளை, பஸ் நின்றபின் ராமசாமிதான் கூட்டிவந்தான். அவன் அக்கரையில் பிறை என்ற ஊரில் தொழிற்சாலை வேலை முடித்து, பெர்ரியில் கடல் தாண்டி, அலுத்துச் சலித்து அவள் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்பான். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. ஆனால் ஒரு நாள் சோறு சாப்பிடும்போது சொன்னான்:

"அடுத்த மாசத்துலருந்து எனக்கு நைட் ஷிப்ட்டு."

அம்மா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப இவள யாரு கூட்டியாருவா?"

"அதான் யோசிக்கிறேன்."

"யோசிக்க என்னா இருக்கு? வர வழியில்லன்னா படிப்பு போதும். டைப்பு வேலை இருக்குல்ல."

அம்மா கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே தனலெட்சுமிக்குப் பயமாக இருந்தது. பஸ் திரும்பி வந்தால் படிப்பு உண்டு, வராவிட்டால் இல்லை. கணக்கு அவ்வளவுதான்.

பஸ் கம்பெனிக்கு அவள் ஒரு மனு டைப் செய்தாள். அடித்ததைப் படித்துப் பார்த்து, இதையெல்லாம் எழுத நான் யார் என்று தோன்றி, கிழித்துப் போட்டாள். மறுநாள் மறுபடி அடித்தாள். ஒரு பஸ் வந்தால் எத்தனை மோட்டார் சைக்கிள் வீட்டில் நிற்கும், எவ்வளவு புகை குறையும் என்றும் ஒரு வாக்கியம் சேர்த்தாள். ராமசாமி அதைப் படித்துச் சிரித்தான். "என் மோட்டோவ நீயே காட்டிக் குடுக்குறியா?" என்றான். ஆனால் மறுநாள் பெர்ரிக்குப் போகும் வழியில் அவனே அதைத் தபாலில் போட்டான்.

பதில் வந்ததுதான் ஆச்சரியம். தைப்பூசம் கழிந்த இரண்டாம் வாரம், வியாழக்கிழமை மாலை, கம்பெனி அதிகாரி ஒருவர் நேரில் வருவார். நிறுத்தத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்த்துத் தீர்மானிப்பார்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. பழைய நிறுத்தம் என்பது கால்வாய் ஓரத்தில் ஒரு கம்பம். நிழல் கிடையாது. பிறைக்குச் சாமான் ஏற்றிப்போகும் லாரிகள் திரும்பும் முனை அது. நின்றால் சட்டைக் காலர் கறுத்துவிடும். பெரியாஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கும் வடிவம்மாள் மூக்கைப் பொத்திக்கொள்ளும் கைக்குட்டை, வேலைக்குப் போய்ச் சேர்வதற்குள் அடுப்புத் துணி மாதிரி ஆகிவிடும். அந்த இடத்தில் யார் வந்து நிற்பார்கள்?

அப்போதுதான் தனலெட்சுமிக்குத் தண்ணீர்ப் பந்தல் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் சுங்கை பினாங்கு இளைஞர்கள் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் பந்தல் போட்டு மோரும் ரோஸ் தண்ணீரும் கொடுப்பார்கள். திருவிழா முடிந்ததும் இரும்புக் குழாய்களும் தார்ப்பாயும் சாமான் பெட்டிகளும் லாரியேறி வந்து கொட்டகையில் அடுத்த வருஷம் வரை தூங்கும்.

இளைஞர்களுக்குத் தலைவன் சின்னையா. அவனிடம் போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அண்ணே, அந்தப் பந்தல இங்க பஸ் நிக்கிற எடத்துல போட முடியுமா? ஆபீசர் வந்துட்டுப் போற வரைக்கும். நெழலா இருந்தா ஆளுங்க நிப்பாங்க."

"இதுக்கு எதுக்குமா இவ்ளோ இழுக்குறே? சனிக்கிழம போட்டுர்றோம்லா."

சொன்னபடியே சனிக்கிழமை போட்டார்கள். தனலெட்சுமி வேலை முடிந்து வந்து பார்த்தபோது கண்ணே கலங்கிவிட்டது. குழாய்கள் நேராக நின்றன. தார்ப்பாய் விறைப்பாக இருந்தது. ஓரமெல்லாம் தென்னங்குருத்துத் தோரணம், நான்கு மூலையிலும் மாவிலை. நடுக் கம்பத்தில், பூமாலையோடு, முருகன் படம்.

"படம் எதுக்குண்ணே?" என்று கேட்டாள்.

சின்னையா படத்தைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "பெட்டியில மேலாக்க அதான் இருந்துச்சு. எப்பவும் அதத்தானே மொதல்ல மாட்டுவோம்." பந்தல் என்றால் அவர்களுக்கு ஒரே விதமாகத்தான் போடத் தெரியும். வேறு விதமும் உண்டென்று யாருக்கும் தோன்றவில்லை. தனலெட்சுமிக்கும் அதற்குமேல் தோன்றவில்லை. சாமி படம் இருந்தால் நல்லதுதானே.

ஞாயிற்றுக்கிழமை வடிவம்மாள் ஒரு விளக்கைக் கொண்டுவந்து ஏற்றினாள். "படத்த மாட்டிட்டு இருட்டுல வுடலாமாடி?" என்றாள். திங்கட்கிழமை யாரோ ஒரு கிண்ணத்தில் திருநீறு வைத்தார்கள். செவ்வாய்க்கிழமை முருகனுக்கு உகந்த நாள் என்று ஒரு வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல் வந்தது. புதன்கிழமை பந்தலுக்கு முன்னால் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன.

தனலெட்சுமி அந்த வாரம் முழுக்க, வகுப்பு விட்டு வந்ததும் தெருத் தெருவாக, வீடு வீடாகப் போய், வியாழக்கிழமை வந்து நிற்கும்படி கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு தெரு முடிந்த பிறகுதான் அடுத்த தெரு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும், தொந்தரவு கொடுக்கிறோமோ என்று ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் கூப்பிடுவாள். யாரும் முடியாது என்று சொல்லவில்லை. அவளும் தினமும் பந்தலுக்குள் போய்க் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தாள். தன் செருப்பும் அந்த வரிசையில்தான் கிடக்கிறது என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை.

வியாழக்கிழமை வகுப்புக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். வெயில் சாயும் நேரம். வருகிறேன் என்றவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஆனால் பந்தலுக்குள் ஒருவரும் இல்லை. சாமி முன்னால் செருப்புக் காலோடு எப்படி நிற்பது என்று சிலர் எதிர்க் காப்பிக் கடைச் சுவரோரம் நின்றார்கள். பாடாங் திடலில் மீ கோரெங் நூடுல்ஸ் கடை போடும் கமாலுதீன், கோயிலுக்குள் நாம் போய் நிற்பது சரியில்லை என்று கால்வாய்ப் பக்கம் ஒதுங்கியிருந்தார். இரவு ஷிப்ட்டுக்குப் போகும் ரோஹானாவும் அவர் பக்கத்தில் குடையோடு நின்றாள்.

தனலெட்சுமி வாயைத் திறப்பதற்குள் ஒரு கார் வந்து நின்றது. கண்ணாடி போட்ட, நெடிய மனிதர் இறங்கினார். பந்தலைப் பார்த்தார். ஷூவைக் கழற்றினார்; காலுறையையும் கழற்றி ஷூவுக்குள் திணித்தார்; உள்ளே போய்க் கைகூப்பி, திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டு வந்தார். பிறகு பக்கத்தில் நின்ற சின்னையாவிடம் கேட்டார்:

"தம்பி, நான் பரமநாதன், பஸ் கொம்பனியில இருந்து வாறன். இஞ்ச பஸ் நிக்கிற இடம் எது?"

சின்னையா மெதுவாகப் பந்தலைக் காட்டினான்.

"இது கோயிலல்லோ?"

"இல்ல சார். பஸ் ஸ்டாப்புதான். ஆனா... ஆமா, கொஞ்சம் கோயில்."

காப்பிக் கடைப் பக்கம் யாரோ சிரித்தார்கள். பரமநாதன் சிரிக்கவில்லை. காலியாக இருந்த பந்தலை ஒரு முறை பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். தனலெட்சுமி அந்தப் பேனாவையே பார்த்தாள். ஒருவரும் இல்லை என்று எழுதப்போகிறார். எல்லாம் என் யோசனையால் வந்தது. சும்மா வெயிலில் நிற்கச் சொல்லியிருந்தாலே நின்றிருப்பார்கள்.

"சார், எல்லாரும் வந்திருக்காங்க. அங்கங்க நிக்கிறாங்க. இப்ப வரச் சொல்றேன்" என்று ஓடினாள். கூப்பிட்டாள். அவர்கள் பந்தல் வரைக்கும் வந்தார்கள். வந்து, செருப்பைக் கழற்றத் தொடங்கினார்கள்.

"கழட்டாதீங்க, செருப்போட நில்லுங்க" என்று கெஞ்சினாள்.

"சாமி இருக்குதே" என்றார்கள்.

படத்தை எடுத்துவிடலாம். ஆனால் விளக்கு எரிகிற படத்தைத் தொட்டு இறக்க யாருக்கும் கை வரவில்லை; அவளுக்கும்தான். அப்போது வடிவம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். விளக்கை அமர்த்தினாள். படத்தை மாலையோடு இறக்கி, குழந்தையைப் போல் மார்போடு அணைத்துக்கொண்டு, பந்தலின் முன்வரிசையில் வந்து நின்றாள். அவள் காலில் ஆஸ்பத்திரி ரப்பர் செருப்பு இருந்தது.

"எழுதிக்குங்க ஐயா. நான் ஒருத்தி. இவரு ஒருத்தரு. இவர தண்ணிமலைக்குத்தான் கொண்டுபோய் வுடணும். மோட்டோல கொண்டு போனா பொகையடிச்சு மொகம் கறுத்துரும்லா."

இப்போது பரமநாதனும் சிரித்தார். கூட்டம் கலகலவென்று உள்ளே நுழைந்தது. கமாலுதீன் வந்தார், ரோஹானா குடையை மடக்கிக்கொண்டு வந்தாள். பந்தல் நிரம்பி, வெளியேயும் ஆட்கள் நின்றார்கள். பரமநாதன் ஒரு கையில் ஷூவைப் பிடித்தபடியே எண்ணினார். எண்ணி முடித்துவிட்டுக் கேட்டார்:

"ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ. இண்டைக்கு நிக்கிறவை எல்லாரும் நாளைக்கும் பஸ்ஸில போவீங்களோ? இல்லாட்டி இண்டைக்கு மட்டுமோ?"

'போவோம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சின்னையா சொல்லத் தயாராக மூச்சை இழுப்பதைத் தனலெட்சுமி பார்த்தாள். வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டவள் அவள்தான். யார் எங்கே போகிறவர், யார் அவளுக்காக வந்தவர் என்பது அவளுக்குத் தெரியும். பொய்யாக ஒரு பஸ்ஸைக் கேட்டு வாங்கினால், காலியாக ஓடி அது மறுபடியும் நின்றுபோகும்.

"எல்லாரும் போக மாட்டாங்க சார்" என்றாள். "நான் கூப்பிட்டதுக்காக வந்தவங்க பாதி. நெசமா போறவங்க மட்டும் உள்ள நில்லுங்க. மத்தவங்க கோச்சுக்காம கொஞ்சம் வெளிய வாங்க."

"ஏம்மா, ஒனக்கு என்னா பைத்தியமா?" என்றான் சின்னையா. ஆனால் முதலில் வெளியே வந்தவனும் அவன்தான். அவனிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது. ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கடைசியாகத் தனலெட்சுமியும் வந்து கால்வாய் ஓரத்தில் நின்றாள்.

பந்தலில் மிஞ்சியவர்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள், இரவுக் கடைக்காரர்கள், ஷிப்ட்டுக்குப் போகும் பெண்கள். அதிகம் பேர் இல்லை. ஆனால் ஒருவரும் அசையவில்லை.

பரமநாதன் அவளைப் பார்த்தார். "மனுப் போட்ட பிள்ளை நீர்தானே? நீர் ஏன் வெளிய நிக்கிறீர்?"

"நான் இங்கருந்து போறவ இல்ல சார். டவுன்லருந்து வர்றவ. கிளாஸ் முடிஞ்சு வூட்டுக்கு வரணும். இவங்க போனாத்தான் எனக்கு வர்ற பஸ்ஸு இருக்கும்."

அவர் பேனாவை மூடப்போனவர், நிறுத்தினார். "வாறவையை நாங்கள் எண்ணுறதில்லை" என்றார், தனக்குத்தானே சொல்வது போல. "உம்மை மாதிரி வாறவை வேற ஆரும் இருக்கினமோ?"

அவள் யோசித்து, தெரு வாரியாகச் சொன்னாள். அச்சுக்கூடத்து ஆட்கள், பசார் கடைப் பெண்கள், அவள் வகுப்பிலேயே படிக்கும் இரண்டு பேர். நிச்சயமில்லாத ஒருவரைப் பற்றி, 'அவரு சில நாள் மட்டும்தான்' என்று திருத்தினாள். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

"மூண்டு மாசம் ஓட்டிப் பாப்பம் எண்டு எழுதுறன். மேல இருக்கிறவை என்ன சொல்லுவினமோ தெரியாது. பொய் சொல்லியிருந்தால் எனக்கும் எழுத லேசு" என்று சொல்லிவிட்டு, குனிந்து ஷூவை மாட்டிக்கொண்டார்.

அன்று இரவு தனலெட்சுமிக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாமோ என்று புரண்டு புரண்டு படுத்தாள். ஆனால் ராமசாமியின் நைட் ஷிப்ட் தொடங்கிய அதே வாரம், வகுப்பு விட்டு வெளியே வந்தபோது, பஸ் வந்து நின்றது. டிரைவர் யூசுப், பழைய ஆள். "சுங்கை பினாங்? நைக், நைக்" என்று, நடுவில் ஒன்றுமே நடக்காததுபோல் கையசைத்து ஏறச் சொன்னார். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, வழி நெடுக அதைத் திறக்காமலே வந்தாள். இந்த நேரம் அண்ணன் பெர்ரியில் போய்க்கொண்டிருப்பான். அவன் நின்று காத்திருந்த மாலைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. சின்னையா நட்ட குழாய்கள் வந்தன. தங்களுக்கு வேண்டாத பஸ்ஸுக்காக வெயிலில் வந்து நின்று, சொன்னதும் பேசாமல் விலகிப்போன ஆட்களின் முகங்கள் வந்தன.

பந்தல் முனையில் இறங்கும்போது வடிவம்மாள் ஏறினாள்.

"பெரியம்மா, ஒங்களாலதான்..." என்று தொடங்கினாள் தனலெட்சுமி.

"வழிய வுடுடி, எனக்கு லேட்டாச்சு. பேச்செல்லாம் ஞாயித்துக்கெழம." வடிவம்மாள் இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டை தோய்த்து மடித்த மடிப்புக் கலையாமல் வெள்ளையாக இருந்தது.

பஸ் போனபின் தனலெட்சுமி, இன்னும் பிரிக்காமல் விட்டிருந்த பந்தலுக்குள் நின்றாள். படம் இருந்த கம்பத்தில் இப்போது, அவளே ஆபீசில் டைப் அடித்துக் கொண்டுவந்த ஒரு தாள்: 'பஸ் நிறுத்தம். செருப்போடு நிற்கலாம்.' மலாயிலும் கீழே அடித்திருந்தாள். அவள் அதைப் பார்த்துக்கொண்டே, நினைக்காமலே, செருப்பிலிருந்து காலை எடுத்துத் தரையில் வைத்து, ஒரு கணம் கைகூப்பினாள்.

கண்ணைத் திறந்தபோது, அப்போதுதான் உள்ளே வந்த ஒருவர், ஊருக்குப் புதியவர் போலிருக்கிறது, அவளைப் பார்த்துவிட்டுத் தன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஐயோ, வேணாங்க, போட்டுக்குங்க" என்று சொல்லிக்கொண்டே, அவள் அவசர அவசரமாகத் தன் செருப்பை மாட்டினாள்.